தண்ணிக் குழி

அண்ணியின் வலது கட்டைவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை செத்தது என்று வெடி சொல்வாள். அதெல்லாம் இல்லை. எந்த விரலும் ஒரே நாளில் சாகாது. முதலில் துணி பிழிய வராது. அப்புறம் கொண்டை போட வராது. அப்புறம் டப்பா மூடியைத் திறக்கப் புருஷனிடம் நீட்ட வேண்டிவரும். அப்போதும் ஆய்வகத்தில் பிப்பெட்டை அமுக்க மட்டும் அந்த விரல் வந்துகொண்டிருந்தது. வராவிட்டால் வேலை இல்லை என்பது விரலுக்கும் தெரியும் போல.

செவ்வாய்க்கிழமை அது அமுக்கின இடத்திலேயே மடங்கி நின்றுவிட்டது. அண்ணி இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினாள். டக்கென்று சத்தம். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். பென்சில் உடைந்துவிட்டது என்றாள் அண்ணி.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். நாத்தனார்காரி தெரு முனையிலிருந்தே "அண்ணீ" என்று கத்திக் கத்தி, ரொட்டிக் கடைக்காரரிலிருந்து ஆய்வக வாசல் காவலாளி வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. கத்துகிறவள்தான் வெடி. அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் புருஷன், பிரிண்டர் மெக்கானிக். திரி கிள்ள வேண்டாம், பக்கத்தில் போனாலே போதும் என்பான்.

அண்ணி வேலை பார்த்தது வாழை ஆய்வகம். தோட்டக்காரர்கள் இலைத்துண்டுகளை ஈரக் காகிதத்தில் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வராந்தாவில் போட்டுவிட்டுப் போவார்கள். முடிக்கொத்து நோய் இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. இருக்கிறது என்று முடிவுத் தாள் போனால் தோட்டத்தையே வேரோடு வெட்டி எரிக்க வேண்டும். இல்லை என்று தப்பாகப் போனால் பக்கத்துத் தோட்டங்களும் போகும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு இலையை அரைத்து, சாற்றை வடித்து, துளித்துளியாகக் குழித்தட்டில் வைக்க வேண்டும். பிப்பெட் என்பது பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த குழாய். தலையில் ஒரு பொத்தான். அமுக்கினால், விட்டால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளி ஏறும். மறுபடி அமுக்கினால் இறங்கும். நுனியைக் கழற்றிப் போட இன்னொரு அமுக்கு. காலையிலிருந்து மாலைவரை இதுதான்.

பிப்பெட் தேய்ந்தால் ஆய்வகத்துக்குத் தெரியும். வருஷா வருஷம் அதை வெளியே அனுப்பிச் சரிபார்த்து வாங்குவார்கள். விரல் தேய்ந்தால் அனுப்ப இடம் கிடையாது.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. அன்றைய இலைக் கட்டை அன்றே முடிக்காதவர்களுக்கு இந்தத் தடவை புதுப்பிப்பு இல்லை என்று இயக்குநர் கூட்டம் போட்டே சொல்லிவிட்டார். துளி வைக்கப் பெரிய கம்பெனி மெஷின் ஒன்று வரப்போகிறது, அது வரைக்கும் எல்லோரும் கொஞ்சம் வேகம் காட்டுங்கள் என்றார். அந்த மெஷின் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. அதன் விலையில் ஆய்வகத்தையே இன்னொன்று கட்டலாம். ஃபைல் மேலே போகும், திரும்பி வரும். விரல்கள்தான் திரும்பி வராது.

விரலைப் பற்றி அண்ணி வீட்டில் வாயே திறக்கவில்லை. மாமியார்தான் கண்டுபிடித்தாள்.

"ஏம்மா, தேங்கா நார் மாதிரி துணி பிழிஞ்சு போட்டிருக்க. சொட்டுச் சொட்டுனு ஒழுகுது. எனக்குத் துவைக்கத் தெரியலன்னு தெரு சொல்லணுமா?"

"கை வலி அத்தை."

"எங்க, காட்டு."

காட்டினாள். மாமியார் விரலைப் பிடித்து மடக்க, அது மடங்கி அப்படியே நின்றது. நிமிர்த்தினாள். டக்.

"அடியே வெடி! இங்க வா! உங்க அண்ணி விரல் கதவு தாழ்ப்பாள் மாதிரி ஆயிருச்சு!"

வெடி வந்து பார்த்தாள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். செடிகளின் மரபணுவில் எழுதியிருப்பதைப் படிக்கிற படிப்பு. படித்து முடித்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நேர்காணலுக்குப் போய், உன் அப்பா என்ன செய்தார், உனக்கு யாரைத் தெரியும் என்ற இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது அண்ணன் பட்டறையில் பழைய பிரிண்டர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் எதையும் தூக்கி எறியவில்லை. கத்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"அண்ணா," என்றாள். "பிரிண்டர் என்ன வேலை செய்யுது?"

"மையை எடுத்துக் காகிதத்துல சரியான இடத்துல வைக்குது."

"அண்ணி என்ன வேலை செய்யறாங்க?"

மெக்கானிக் மனைவியின் விரலைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். "ஏய்," என்றான்.

"ஏய்தான்," என்றாள் வெடி.

பட்டறையில் செத்த பிரிண்டர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வழுவழுப்பான இரும்புத் தண்டு, ஒரு பல் பெல்ட், அடி அடியாக எண்ணி நகரும் குட்டி மோட்டார். ஊர் குப்பை என்று தூக்கிப் போட்டது. அதையெல்லாம் உருவி எடுத்து, அலுமினியச் சட்டத்தில் பொருத்தி, அண்ணியின் பழைய பிப்பெட் ஒன்றை நடுவில் நிற்கவைத்து, கட்டைவிரலுக்குப் பதில் ஒரு மோட்டாரை அதன் தலைமேல் வைத்தார்கள். சாப்பாட்டு மேஜைமேல்தான் வைக்க இடம் இருந்தது. வீடு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது.

"சாப்பிடற மேஜையில சாப்பிடக் குடுத்து வெக்கல," என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு புலம்பினாள் மாமியார். "இது என்னத்தைக் கொத்துது? கொக்கு மாதிரி!"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொக்கு. குனியும், ஒரு துளி எடுக்கும், நிமிரும், நகரும், குனியும். கலர்த் தண்ணீரைக் குழிகளில் வைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் வாழ்க்கையில் பிப்பெட் வேலை நடக்கும்போது கை கட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தெருவில் சும்மா இருப்பார்களா. ரொட்டிக் கடைக்காரர் வெடியை நிறுத்தினார். "ஏம்மா, மெஷின் வந்துட்டா உங்க அண்ணி வேலை போயிராதா? சொந்த அண்ணி வயித்துலயே அடிக்கறியே?"

"மாவு பிசையற மெஷின் வாங்குனீங்களே, நீங்க என்ன, கடையை மூடிட்டுக் காசிக்குப் போயிட்டீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? உங்க தோள்பட்டை உங்களுது, அதனால மெஷின் வாங்குனீங்க. அண்ணி விரல் யாருது?"

அவர் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

கலர்த் தண்ணீர் ஓடினால் போதாது என்றாள் வெடி. உண்மையான சாறு வழவழப்பாக இருக்கும், நார் அடைக்கும், அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு வாழைக்குத்து. நோய் பிடித்து இலையெல்லாம் உச்சியில் குஞ்சமாக நிற்கும். மெக்கானிக் அதிலிருந்து ஒரு கை இலை வெட்டிக்கொண்டு வந்தான். வீட்டு மிக்ஸியில்தான் அரைத்தார்கள். மாமியார் மிக்ஸி ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சண்டை போட்டுத் தோற்றாள்.

நல்ல வெயில் காலம். ஓட ஓட மோட்டார் சூடாகித் தடுமாறியது. பெல்ட்டில் நாலு பல் நகர வேண்டிய இடத்தில் மூன்று பல்தான் நகர்ந்தது. மெக்கானிக் யோசிக்கவே இல்லை. செத்த பிரிண்டர் ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவு ஃபேனைக் கழற்றி மோட்டாருக்கு முதுகில் வைத்தான். "ஓடற சாமானுக்குக் காத்து வேணும். இது எங்க தொழில்ல முதல் பாடம்." கொக்கு சரியாகிவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி, மேஜையில் இந்தக் குட்டி ஃபேன், வியர்வை காய, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சாறு மேஜையில் தெறித்துக் காய்ந்தது. துடைத்தார்கள். சாப்பாட்டு மேஜையைத் துடைக்கிற மாதிரி.

இயக்குநரிடம் அண்ணியே போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். ஆனால் பெரிய மெஷின் ஃபைல் அந்த வாரம்தான் மறுபடி திரும்பி வந்திருந்தது. மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வருகிறது. காட்ட ஏதாவது வேண்டும். "கொண்டுவாங்க," என்றார். "ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க. ஓடினா உன் விஷயத்தையும் பார்க்கலாம்."

உன் விஷயம் என்றால் ஒப்பந்தம். கொக்கு ஓடினால் அண்ணி அதை ஓட்டுகிறவளாக இருப்பாள். ஓடாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

சோதனை நாள் காலையில் மெக்கானிக் தன் வண்டியில் கொக்கைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். அவனுக்கு உள்ளே போக அனுமதிச் சீட்டு இல்லை என்று காவலாளி நிறுத்திவிட்டார். மாமியாரும் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். உள்ளே அண்ணியும் வெடியும் கொக்கை மேஜைமேல் ஏற்றினார்கள். அன்றைய இலைக் கட்டு. கொக்கு குனிந்தது, நிமிர்ந்தது. மற்ற மேஜைப் பெண்கள் பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தி தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே பார்த்தாள்.

குழித்தட்டு அடுத்ததாக நகலெடுக்கும் பெட்டிக்குள் போகும். சாற்றில் நோய்க்கிருமியின் ஒரு துணுக்கு இருந்தாலும் போதும், சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி, அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். அப்ப அதுவும் ஜெராக்ஸ்தானே என்று மெக்கானிக் ஒரு தடவை கேட்டிருக்கிறான். ஜெராக்ஸேதான். பிறகு அதைக் கண்ணாடி மாதிரி வழவழப்பான ஜெல் பாளத்தில் ஓடவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், நோயுள்ள இலையின் வரிசையில் ஒரு ஒளிக்கீற்று எரியும். இல்லாத இலைக்கு இருட்டு. கடைசி வரிசை எப்போதும் தண்ணிக் குழி. அதில் இலைச்சாறே கிடையாது, வெறும் தண்ணீர். அது இருட்டாக இருந்தே தீர வேண்டும். அது எரிந்தால் எங்கிருந்தோ எதுவோ உள்ளே விழுந்திருக்கிறது. அன்றைய வேலை அத்தனையும் குப்பை.

வரிசை வரிசையாகக் கீற்றுகள் அழகாக வந்திருந்தன. தண்ணிக் குழியும் எரிந்தது.

வெடி படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வெடியை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"பிரமாதமா வந்திருக்கும்மா."

"சார், தண்ணி எரியுது."

"கடைசி வரிசைதானே. ஓரத்துல ஒரு வெட்டு வெட்டிட்டா படம் சுத்தமாயிரும். குழுவுல இருக்கறவங்க யாரு இதையெல்லாம் உத்துப் பார்க்கப் போறாங்க? அப்புறமா நீ நிதானமாச் சரி பண்ணிக்கோ."

"சார்…"

"கேளு. இதை ஓட்ட ஒரு ஆள் வேணும். படிச்ச ஆள். ஆர்டர் உன் பேர்லயே போடறேன். நிரந்தர வேலை. மெஷின் நம்ம ஆய்வகத்துப் பேர்ல இருக்கட்டும்."

"அண்ணி?"

அவர் குரலைத் தணித்தார். "உங்க அண்ணி கை விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? பள்ளிக்கூடப் படிப்பு. எப்படியும் போக வேண்டிய ஆள். ஒரே வீட்டுக்குத்தானே வேலை வருது? குடும்பத்துக்கு நஷ்டமில்லையே."

வெடி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். தற்செயலாக அவளுடைய விரல் கடைசி வரிசைமேல் இருந்தது. விரல் மறைத்த படம் குறையே இல்லாமல் இருந்தது. நிரந்தர வேலை. பிளாஸ்டிக் உறையைப் பரண்மேல் போட்டுவிடலாம். யாரைத் தெரியும் என்று இனி ஒருத்தனும் கேட்க மாட்டான். அந்த ஒரு நொடி அவள் விரலை எடுக்கவில்லை. கதை சொல்கிற நான் இதை மறைக்கப் போவதில்லை. வேலை இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் அவளைத் திட்ட மாட்டார்கள், இருந்து பார்க்காதவர்கள் திட்டினால் எனக்குக் கவலையும் இல்லை.

பின்படிக்கட்டுக்குப் போனாள். அண்ணியும் அங்கே வந்திருந்தாள். மாமியார் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வெடி எல்லாவற்றையும் சொன்னாள்.

முட்டை மாமியார் கையிலிருந்து படியில் உருண்டது. "வேலையா? உனக்கா? நிரந்தரமா?"

"அம்மா, முழுசாக் கேளு."

"கேட்டேன்டி. கேட்டுட்டுத்தான் கேக்கறேன். நீ எத்தனை வாசல் ஏறி இறங்குன, நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்? வந்து கூப்பிட்டுக் குடுக்கறான்!"

"அண்ணி நாற்காலியைத் தூக்கி எனக்குப் போடறான்மா."

மாமியார் மருமகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முட்டையைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டாள்.

"எடுத்துக்கோ," என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி?"

"வேலையை எடுத்துக்கோ. நான் போகத்தான் போறேன். கோவத்துல சோத்துத் தட்டைத் தள்ளாத. ஆனா படத்தை வெட்டாத."

"ரெண்டும் ஒண்ணாத்தான் குடுக்கறான்."

"அப்ப ரெண்டும் வேண்டாம்." அண்ணி எழுந்து வெடி கையிலிருந்து படத்தை வாங்கினாள். "தண்ணிக்கு நோய்னு சொல்ற மெஷின், நாளைக்கு நல்ல தோட்டத்துக்கும் நோய்னு சொல்லும். அந்தத் தோட்டக்காரன் வெட்டுக்கத்தியை எடுத்துட்டுப் போய் நிப்பான். ஒவ்வொரு வாழைக்கன்னா அவன் நட்டது. எரிக்கறப்ப நாம யாரும் அங்க இருக்க மாட்டோம்."

மெக்கானிக் எட்டிப் படத்தைப் பார்த்தான். "தண்ணி ஏன் எரியுது?" என்றான்.

"தெரியல."

"தெரியாம ஏன் நிக்கறீங்க? ரிப்பேருக்கு வந்த சாமானை ஓரம் வெட்டியா குடுப்பேன்?"

வெடி சிரித்துவிட்டாள். அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்புதான் வரும். "நான் போய்ப் பேசறேன்," என்றாள்.

"ரெண்டு பேரும் பேசுவோம்," என்றாள் அண்ணி.

"ஆமா, பேசுங்க," என்று பின்னாலிருந்து மாமியார் சத்தம் போட்டாள். "என் வயித்துல பொறந்ததுக்கு அதிர்ஷ்டம்னாலே ஒவ்வாது! போ! பேசறதுன்னு முடிவாயிருச்சுன்னா மெல்லமாப் பேசாத!"

குழு வந்திருந்தது. கோட்டு போட்டவர்கள் சிலர், நடுவில் வெள்ளை முடிப் பேராசிரியை ஒருத்தர். இயக்குநர் கொக்குக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் ஆய்வகத்தில் உருவான சாதனம் என்று ஆரம்பித்திருந்தார். வெடி அண்ணி கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு நேராகப் போய் அதை முழுசாகப் பேராசிரியை கையில் கொடுத்தாள்.

"இதுல தப்பு இருக்கு மேடம். தண்ணிக் குழி எரியுது. முதல்ல அதைப் பாருங்க."

இயக்குநரின் முகம் மாறினது ஒரு கணம்தான். அவர் கெட்டிக்காரர். சட்டென்று குறை சொல்கிற பக்கம் போய் நின்றுகொண்டார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆர்வக்கோளாறு. வீட்ல செஞ்ச மெஷின் வீட்டுக்குத்தான் லாயக்கு. அதனாலதான் அந்தக் கம்பெனி மெஷின் ஃபைலை நீங்க…"

"சார்." அண்ணி குறுக்கே பேசினாள். அந்தக் கட்டடத்தில் அவள் குரலை அத்தனை சத்தமாக யாரும் கேட்டதில்லை. "கையால செஞ்சப்பவும் தண்ணி எரிஞ்சிருக்கு. எனக்கு எரிஞ்சிருக்கு, இவங்க எல்லாருக்கும் எரிஞ்சிருக்கு. அப்பெல்லாம் என்ன சொன்னீங்க? மறுபடி செய்னு சொன்னீங்க. செஞ்சோம். கை லாயக்கில்லைன்னு யாரும் சொல்லலையே? மெஷினுக்கு மட்டும் ஏன் சார் ஒரே வாய்ப்பு?"

சுற்றி நின்ற பெண்களில் யாரோ "அதானே" என்றாள். யாரென்று இயக்குநர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் ஒரே மாதிரி முகம் வைத்திருந்தார்கள்.

பேராசிரியை கண்ணாடியைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார். "எதனாலன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்," என்றாள் வெடி. "கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு மறுபடி ஓட்டணும். சாயங்காலம் ஆயிரும். வாசல்ல எங்க அண்ணன் இருக்கார், அவர்தான் பாதி கட்டுனவர். அவரை உள்ள விடணும்."

"விடச் சொல்லுங்க," என்றார் பேராசிரியை. "எனக்கும் தெரியணும்."

மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கொக்கைச் சும்மா ஓடவிட்டு, குனிந்து காது வைத்துக் கேட்டான். பெல்ட்டைத் தொட்டான். எல்லாம் சரி. வெடி நுனிகளைப் பார்த்தாள், புதுசு. தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாள், புதுசு. அண்ணி குழித்தட்டு வைக்கும் இடத்தை மெல்லிய தாளால் துடைத்துவிட்டு அதை அங்கேயே விட்டிருந்தாள். தாளின் ஓரம் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மோட்டார் முதுகிலிருந்த ஃபேனைப் பார்த்தார்கள்.

"காத்து," என்றாள் அண்ணி.

மெக்கானிக் ஃபேனைக் கழற்றித் திருப்பினான். இறக்கைகளின் ஓரத்தில் பச்சையாகக் காய்ந்த பொடி. வீட்டு மேஜையில் தெறித்த சாறு. பட்டறைக் குத்திலிருந்து வெட்டிய நோய் இலை. அதைத்தான் அந்தக் குட்டி ஃபேன் திறந்த குழிகள்மேல் ஊதிக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கு போதும், மிச்சத்தை ஜெராக்ஸ் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

"நான்தான் வெச்சேன்," என்றான் மெக்கானிக்.

"நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்," என்றாள் அண்ணி. "இங்க எவளாவது டேபிள் ஃபேன் சுவிட்சுல கை வெச்சா விட மாட்டேன். வீட்ல சுகமா காத்து வருதுன்னு துணி மடிச்சேன்."

"காத்துல பறக்கும்னு நான் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்," என்றாள் வெடி. "மூணு பேரும் முட்டாள். சரியாப் போச்சு. வேலையைப் பார்ப்போம்."

பேராசிரியை சிரித்ததை இயக்குநர் கவனித்தார். அதற்குப் பிறகு அவர் கம்பெனி ஃபைலைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணி வெளுப்புத் திரவத்தால் கொக்கைத் தலையிலிருந்து கால்வரை துடைத்தாள். இந்தத் தடவை ஆய்வகத்தைத் துடைக்கிற மாதிரி. ஃபேன் இல்லாமல் மோட்டார் சூடாகும். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "நிறுத்து," என்பான். ஆறும்வரை காத்திருப்பார்கள். "ம், போ." மெதுவாகத்தான் போனது. ஆனால் துளி தவறவில்லை. காலையில் வந்த கட்டுக்குமேல் இன்னும் கட்டுகள் வராந்தாவில் சேர்ந்துகொண்டே இருந்தன. ஈரக் காகிதத்தோடு வந்த ஒரு தோட்டக்காரர், என்ன கூட்டம் என்று மாமியாரிடம் கேட்டார். "என் மருமகளும் மகளும் உள்ள இருக்கறவனுக்குப் பாடம் எடுக்கறாங்க," என்றாள் மாமியார். "உக்காருங்க, முட்டை சாப்பிடுங்க."

கோட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். பேராசிரியை இருந்தார்.

ஜெல்லை நீல வெளிச்சத்தில் வைத்தபோது இயக்குநர்தான் முதலில் தலையை நீட்டினார். "ஆஹா, எல்லாம் வந்திருக்கு! ஒண்ணு, ரெண்டு…"

அண்ணி கையை நீட்டி அத்தனை கீற்றுகளையும் மறைத்தாள். கடைசி வரிசையை மட்டும் விட்டாள்.

"முதல்ல தண்ணியைப் பாருங்க சார்."

பார்த்தார்கள். இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் இருட்டு. பேராசிரியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பின்னால் நின்ற பெண்கள் கைதட்டவில்லை. ஒருத்தி மட்டும், "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுடி," என்றாள்.

இயக்குநர் வெடியின் பக்கம் திரும்பினார். காலையில் வராந்தாவில் பேசினது நடக்கவே இல்லை என்பதுபோல முகம் மலர்ந்திருந்தது. "நாளைக்கே வந்து ஆர்டரை வாங்கிக்கோம்மா. மெஷினுக்கு ஆய்வகத்துப் பேர்ல காப்புரிமைக்கு எழுதிரலாம்."

"வரைபடத்தை நேத்தே இணையத்துல போட்டுட்டேன் சார். எந்த மோட்டார், எந்த பெல்ட், எந்தத் திருகு, எல்லாம். யார் வேணும்னாலும் கட்டிக்கலாம். ஃபேன் வைக்காதீங்கன்னு மட்டும் இன்னிக்குச் சேர்த்துப் போடணும்."

"யாரைக் கேட்டு?"

"செத்த பிரிண்டர்களைக் கேட்டு."

மெக்கானிக் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டான். இயக்குநர் பேராசிரியையைப் பார்த்தார். அவர் குனிந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அது போகட்டும். ஓட்டறதுக்கு ஆள் நீதானே?"

"நான் இல்ல. அவங்க."

"அவங்களுக்குத் தகுதி… விதின்னு ஒண்ணு இருக்கும்மா. பட்டம் வேணும்."

"பட்டம் என்கிட்ட இருக்கு. காலையில தண்ணி எரிஞ்சப்ப நான் படத்துமேல விரலை வெச்சுட்டு நின்னேன், எடுக்க மனசு வரல. எடுக்க வெச்சது அவங்க. பட்டத்தை வெச்சு ஓட்டப் போறீங்களா, அவங்களை வெச்சு ஓட்டப் போறீங்களா, நீங்களே சொல்லுங்க. அதையும் இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"என்ன விரல்? எந்தப் படம்?" என்று பேராசிரியை நிமிர்ந்தார்.

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சுவரோரத்து டேபிள் ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

அண்ணி முக்காலியைக் காலால் இழுத்துக் கொக்குக்கு முன்னால் போட்டாள். உட்கார்ந்தாள். புது நுனிகளை எடுத்து வைத்தாள்.

"ஆர்டரை நிதானமா எழுதிட்டு வாங்க சார்," என்றாள். "எழுதாட்டியும் பரவாயில்ல. வராந்தாவுல கட்டு கிடக்கு, ஆள் காத்துட்டு இருக்கான். என்னை எழுப்பணும்னா மெஷினையும் சேர்த்துத் தூக்கணும். அதைத் தூக்கத் தெரிஞ்சவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவர் தூக்க மாட்டார்."

"மாட்டேன்," என்றான் மெக்கானிக்.

"வெடி, அந்தப் புதுக் கட்டை எடுத்துட்டு வா. போறப்ப அந்த ஃபேன் சுவிட்சை அணை."